பாக்ஸில் காணாமல் போன வளையல் சத்தம்

ஸ்பீக்கர் பாக்ஸுக்குள் இருக்கும் உதிரிகளை மாற்றினால் பாட்டு நிஜமாகவே நன்றாகக் கேட்குமா என்று கல்லூரியில் பையன்கள் என்னிடம் கேட்பதுண்டு. பொன்னேரியில் ஒரு கல்லூரியின் மின்னணு ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ சட்டென்று சொல்ல எனக்கு வருவதில்லை. நைனாவின், அதாவது என் அப்பாவின், பாக்ஸ்கள் நினைவுக்கு வந்துவிடும்.

நைனா கோட்டைக்குப்பத்துக்காரர். ஏரியிலும் கடலிலும் மீன்பிடித் தொழில் செய்தவர். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, மூடப்போகிற கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இரண்டு மர பாக்ஸ்களை வாங்கி, தார்ப்பாயில் சுற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். கரையில் இறக்கியபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பாக்ஸில் ஒரு துளி ஈரம் இல்லை. அன்றிலிருந்து தொழிலுக்குப் போகாத நாட்களில் எங்கள் தெருவுக்கே பாட்டு எங்கள் வீட்டிலிருந்துதான்.

எத்தனையோ பாட்டு வைத்திருந்தார். ஆனாலும் அவர் திரும்பத் திரும்பப் போட்டது அக்கா கல்யாணத்தில் பதிவு செய்ததைத்தான். நலங்கு வைக்கும்போது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடுவார்கள். தட்டுக்குத் தட்டு கண்ணாடி வளையல்கள் கலகலவென்று உரசும். கேசட்டில் இருந்த அதை நான்தான் பிற்பாடு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து, லீவுக்கு மட்டும் ஊருக்குப் போய்வந்த காலத்தில் ஒருநாள் நைனா குறைப்பட்டுக்கொண்டார்.

"பாக்ஸ் செத்துப்போச்சு பாப்பா. பாட்டு அப்டியே கீது, வளையலதான் காணோம்."

பின்பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன போர்டு. தடித்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் வளையல் மாதிரி மெல்லிய சத்தத்தை ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது அதுதான். உப்புக் காற்றில் கம்பிகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. ட்வீட்டருக்கு முன்னால் இருந்த கண்டென்சரை மீட்டரில் வைத்தேன். இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. இவ்வளவுதானே என்று சந்தோஷமாகிவிட்டது எனக்கு. ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று ஒரு பாக்ஸில் மட்டும் புதுசு போட்டுவிட்டு நலங்குப் பாட்டை ஓடவிட்டேன். திரைச்சீலையை விலக்கியதுபோல எனக்குக் கேட்டது.

"இப்ப எப்டி கீது நைனா?"

"அப்டியேதான் கீது."

அடுத்த வாரம் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். இணையத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்திருந்த பெரிய கண்டென்சர் ஒன்றும், தடித்த கம்பிச் சுருள் ஒன்றும் வாங்கிவந்து அதே பாக்ஸில் மாற்றினேன். கண்ணை மூடிக் கேட்டேன். பாடுகிற பெண்கள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்பதாகத் தோன்றியது. நைனா பாக்ஸின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் காது கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தயங்கியபடி, "பரவால்ல பாப்பா, உட்டுடு" என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பழைய பாக்ஸ், புது பாக்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டேன்.

"எதுல வளையல் நல்லா கேக்குது?"

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுத்துலயும் கேக்குது."

"பழசுலயுமா? மெய்யாலுமா?"

"எனக்கு எப்பவும் கேட்டுனுதான் கீது. உங்க நைனா இன்னாத்தையோ சொல்லினு கீறாருனு நான் உட்டுட்டேன்."

அந்தப் பதிலில் என் கண்டென்சர் பெருமை முழுதும் இறங்கிவிட்டது. அதைவிட இன்னொன்று மனசில் உறைத்தது. போனில் ஒற்றைச் சுரம் எழுப்பும் ஆப் ஒன்று இருந்தது. அதை பாக்ஸோடு இணைத்தேன்.

"சத்தம் கேக்கற வரைக்கும் கைய தூக்கினே இரு நைனா. நின்னதும் எறக்கிடு."

தாழ்ந்த சுரத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினேன். நைனா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் விசில்போல மெலிந்தது. பிறகு ஊசிபோல ஆனது. அம்மா முகத்தைச் சுளித்தாள். நைனா கையை இறக்கினார்.

"முடிஞ்சிடுச்சா?"

அம்மாதான் சொன்னாள்.

"இன்னாய்யா சொல்ற நீ? இன்னும் காதாண்ட கொசு மாதிரி கத்தினு கீது!"

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை; ஆப் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது.

"இஞ்சின்" என்றார் நைனா. அத்தனை வருஷமும் படகின் பின்னால் இஞ்சினை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். "இஞ்சின் தின்னுடுச்சு."

பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்ததுபோல நிமிர்ந்தார். "அப்ப உள்ளான்?"

குளிர்காலத்தில் ஏரிச் சேற்றில் வந்திறங்கும் அந்தச் சின்னப் பறவைகள் இருட்டில் கீச்கீச்சென்று கத்துவதை வைத்துத்தான் தண்ணீர் எங்கே வற்றியிருக்கிறதென்று கண்டுகொள்வார். இப்போதெல்லாம் உள்ளான் அவ்வளவாக வருவதில்லை என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுங்க வந்துனுதான் கீது" என்றாள் அம்மா. "தெனமும் விடியக்காலம் கத்துது."

நைனா எழுந்து வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றார். அம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

பொன்னேரியில் காது டாக்டரிடம் காட்டினோம். போனது போனதுதான் என்று சொல்லிக் காதில் மாட்டும் மிஷின் கொடுத்தார். கல்யாணம் கருமாதிக்கு நைனா அதை மாட்டிக்கொள்வார். படகில் மாட்டினால் காற்றின் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்பதில்லையாம். வீட்டில் பாட்டு கேட்கவும் அது பிடிக்கவில்லை. "தகர டப்பால பாடற மாதிரி கீது" என்பார்.

எனக்கு மறுபடி அந்த போர்டு ஞாபகம் வந்தது. ட்வீட்டர் அதிகம் கூவாமல் இருக்க அதில் ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிப் போகும்படி ஒரு ஒயரும், பாக்ஸின் பின்னால் வீட்டு விளக்குக்குப் போடுகிற சாதாரண ஸ்விட்ச் ஒன்றும் வைத்தேன். ஸ்விட்சைத் தட்டினால் மெல்லிய சத்தங்களெல்லாம் எகிறி நிற்கும். நல்ல காது உள்ளவர்களால் அந்த அறையில் உட்கார முடியாது. எந்த இணையப் பக்கத்திலும் இதை மேம்பாடு என்று எழுதமாட்டார்கள்.

ஒரு மத்தியானம் நலங்குப் பாட்டைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். நைனா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது அடி பாடும்போது அவர் விரல் மேலே எழுந்தது.

"தோ! தோ... கேக்குது பாப்பா. லேசா கேக்குது." இன்னும் குனிந்தார். "கடைசில ஒண்ணு தட்டுது பாரு, அது உங்க அம்மாதுதான். அவ எப்பவும் ஒரு தட்டு லேட்டு."

காதைப் பொத்திக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது எப்படியோ கேட்டுவிட்டது. "நான் ஒண்ணும் லேட்டு இல்ல. அவளுங்கதான் அவசரப்பட்டாளுங்க."

"திருப்பிப் போடு பாப்பா, பாக்கலாம்."

திருப்பிப் போட்டேன். அம்மா ஒரு கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தன் தட்டு எங்கே விழுகிறதென்று கேட்க பாக்ஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.