செங்கல் சுடவில்லை

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிற பிழைப்பு எனக்கு. கடைக்குள் செருப்புப் போடக் கூடாது. அதனால் பாதம் எரிய ஆரம்பித்தபோது முதலில் தரையைத் திட்டினேன். பிறகு ஏ.சி.யைத் திட்டினேன். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும், திடீரென்று ஊசியாகக் குத்தும், போர்வை பட்டால்கூட வலிக்கும். சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். அதைத் திட்டத்தான் தைரியம் வரவில்லை.

காரணம் என் அண்ணன். சர்க்கரையில் பாதம் மரத்துப்போய், வயலில் கருவேல முள் ஏறியதுகூடத் தெரியாமல் நடந்தவர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு காலோடு போனார், ஒரு காலோடு வந்தார். நானும் போனால் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் மனசில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. யார் கேட்டாலும், "நரம்பு இழுக்குது, அம்புட்டுதான்" என்று சொல்லி நழுவிவிடுவேன்.

எங்கள் பக்கம் குதிகால் வலிக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்க இலையைப் போட்டு, அதன்மேல் குதிகாலை வைத்து வைத்து எடுக்க வேண்டும். எரிச்சலுக்கும் அது கேட்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அடுப்பில் செங்கல்லைச் சுட்டுக் கொண்டுவந்தாள். வலது காலை வைத்தேன்.

"என்னடி, சூடே ஏறல. இன்னுங் கொஞ்சம் சுட வச்சுக் கொண்டா."

மறுபடி சுட்டுக் கொண்டுவந்தாள். அழுத்தி வைத்தேன். இதமாகக்கூட இல்லை.

"இம்புட்டு நேரமா அடுப்புல என்னத்தத்தான் செஞ்ச?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

அவள் செங்கல்லின் ஓரத்தில் விரலை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பிடித்துத் திருப்பினாள். இலை கருகிக் குதிகாலோடு ஒட்டியிருந்தது. தோல் கொப்பளித்திருந்தது. வலி மட்டும் இல்லை. அண்ணனின் வேட்டியில் காற்றாடுகிற அந்த ஒரு பக்கம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா ஒருவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்கங்க ஐயா. பாதத்துல தொடுறப்பல்லாம் சொல்லுங்க" என்றார்.

இடது காலில் சில இடங்களில் தெரிந்தது, சொன்னேன். அப்புறம் ஒன்றும் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, "வலது கால ஆரம்பிக்கலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முடிச்சுட்டேன் ஐயா."

கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது.

அவர் நிதானமாகச் சொன்னார். சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது அது கத்துகிறது, அந்தக் கத்தல்தான் எரிச்சல். கெட்டுக்கொண்டே போனால் கத்தக்கூடத் திராணியில்லாமல் மரத்துப்போகும். எரிச்சலை அடக்க மாத்திரை உண்டு. தூக்கம் வரலாம், அதனால் சின்ன அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொன்று. ஆனால் போன உணர்ச்சியை அந்த மாத்திரைகள் மீட்டுத் தராது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். சூட்டு ஒத்தடமும் வெறுங்கால் நடையும் இனி ஆகாது. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

"கால எடுத்துருவீங்களா?"

"இப்ப அதுக்கு அவசியமே இல்ல. பாக்காம விட்டாத்தான் ஆபத்து."

அந்த 'இப்ப' என்ற சொல்லை வீடு வரைக்கும் மென்றுகொண்டே வந்தேன்.

புண் ஆறிவிட்டது. மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்ள முதலாளி ஒத்துக்கொண்டார். மாத்திரை தொடங்கியபின் இடது காலில் எரிச்சல் குறைந்திருக்கிறது. அதுதான் இப்போது புதுப் பயம். மாத்திரையால் குறைந்ததா, அந்தக் காலும் மரத்துக்கொண்டு வருகிறதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனைவி கேலி செய்கிறாள். ஆனாலும் தினமும் காலையில், கடைக்குக் கிளம்பும் முன் என்னை உட்காரவைத்து இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை.

நேற்றும் அப்படித்தான். "கண்ண மூடுங்க. இடது கால்லதான் தொடுவேன்" என்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போனது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியுதுடி. நல்லாத் தெரியுது."

"ஏங்க," என்றாள். "நான் இன்னும் தொடவே இல்லைங்க."