கை கட்டி நின்றவள்

அவள் எங்கள் டீமில் சேர்ந்த முதல் நாளே என் வயதைக் கேட்டாள். டெக்ஸஸில் டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் டெலிகாம் கருவிகளை டெஸ்ட் செய்யும் லேப் அது. வெளியே ஜூலை வெயிலில் காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. உள்ளே மெஷின்களுக்காக வைத்திருக்கும் குளிரில் நாங்கள் ஸ்வெட்டரோடு நடுங்குவோம். அவள் வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து ஊரான கார்லண்டில் வீடு. நான் அந்த லேபில் லீட், அதாவது திட்டு வாங்குவதில் முதல் ஆள். என் வயதைச் சொன்னேன். அவள் நான்கு வயது சின்னவள் என்று தெரிந்ததும், அப்பாடா என்று ஒரு நிம்மதி அவள் முகத்தில் வந்தது.

"அப்படின்னா நீங்க எனக்கு அக்கா" என்றாள்.

நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். அவளுடையது தட்டுத்தடுமாறும் ஆங்கிலம், என்னுடையது தடுக்கி விழுந்தாலும் நிற்காத சென்னை ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதும்போது இரண்டு பேரும் நன்றாகவே பேசுகிறோம். அக்கா என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லைச் சொல்லித்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள். வயது தெரியாவிட்டால் எதிரில் இருப்பவரை என்னவென்று கூப்பிடுவது என்றே அவர்களுக்குத் தெரியாதாம். லேபில் வேறு யாரிடமாவது வயதைக் கேட்டிருந்தால் விஷயம் ஹெச்.ஆர். வரை போயிருக்கும். எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. நாமெல்லாம் ரயிலில் ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் எதிர் சீட்டில் இருப்பவரின் சம்பளத்தைக் கேட்கிற ஜாதி.

பிரேக் ரூம் மைக்ரோவேவின் மேல் ஒரு நாள் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. வாசனை விஷயத்தில் மற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள் என்று, மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவளுடைய மீன் சாஸா, என்னுடைய பூண்டுக் குழம்பா, யாருக்காக ஒட்டினார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பேருமே டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய்விட்டோம். அங்கேதான் அவள் வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். கணவனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதமாகப் படுக்கை. இன்னொரு ஆபரேஷன் பாக்கி. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் முழுக்க இவள் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் செய்வது எதுவும் எனக்குப் புதிதில்லை. ஒரு பேனாவைக் கொடுப்பதென்றாலும் இரண்டு கையாலும் கொடுப்பாள். பெரியவர்கள் பேசும்போது கண்ணை நிமிர்த்த மாட்டாள். வெட்கமானாலும் பயமானாலும் சிரிப்பாள். எங்கள் தெருவில் நான் பார்த்து வளர்ந்த பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான். நானும் இப்படித்தான் இருந்தேன்.

இருந்தேன் என்பதை அழுத்தி எழுதுகிறேன். எங்கள் மேனேஜர் டெக்ஸஸ்காரர், நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், வெள்ளிக்கிழமைகளில் டோனட் வாங்கி வருவார். நான் வந்த புதிதில் ஒரு மீட்டிங்கில், டெஸ்ட் பாஸா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் ஆட்டல், பக்கவாட்டில் ஒரு சுற்று. அவர் அதை அப்படியே ஆட்டிக் காட்டி, "இது எஸ்ஸா, நோவா, இல்ல கழுத்து சுளுக்கா?" என்றார். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, தலை அசையாமல் எஸ் சொல்ல ஒரு மாதம் பழகினேன். கண்ணைக் கொட்டாமல் எதிராளியின் கண்ணைப் பார்க்கப் பழகியதில் கண்ணீரே வந்தது. "ஏய், என்னாச்சு உனக்கு? டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா?" என்று என் கணவர் கேட்டார். சென்னையில் பிறந்த ஒரு கழுத்தை அடக்குவது லேசில்லை. நான் அடக்கினேன். அப்படிப் பட்டுக் கற்றதை இன்னொருத்திக்குச் சும்மா சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் சேர்ந்த அந்த வருடம் ஒரு கஸ்டமருக்கு அனுப்ப வேண்டிய வேலை ஒன்று வந்தது. இரண்டு பேர் இரண்டு வாரம் செய்ய வேண்டியது. மீட்டிங்கில் மேனேஜர் அவளைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார். அவள் மேஜையைப் பார்த்தபடி, லேசாகச் சிரித்துக்கொண்டு, "எஸ், எஸ்" என்றாள். அவர் திருப்தியாக எழுதிக்கொண்டார். அந்த எஸ்ஸுக்கு, நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது ஐயா என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. நம் ஊரில் பிளம்பர் "சரிங்க, காலைல வந்துடறேன்" என்றால் யாராவது காலையில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்களா? அவள் முடியாது என்கிறாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். அன்றைக்கு அது வெறும் சோம்பல்தான். கெட்ட எண்ணம் பிறகு வந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடியவில்லை. திங்கட்கிழமை கஸ்டமர் போனில் கத்தியதில் மேனேஜரின் காது சிவந்துவிட்டது. அன்று மதியமே என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். இந்தக் காலாண்டு முடிவதற்குள் எங்கள் டீமில் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டிருந்ததாம். டீமில் மொத்தம் மூன்று பேர். மூன்றாமவர் இருபது வருட ஆள், பழைய மெஷின்கள் அவர் சொன்னால்தான் கேட்கும், அவரை யாரும் தொட முடியாது. மிச்சம் நானும் அவளும். வியாழக்கிழமை அவளோடு உட்கார்ந்து பேசப்போவதாகவும், லீட் என்பதால் நானும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

என் விசாவில்தான் கணவர், மகள் என்று குடும்பமே இருந்தது. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நின்றுகொண்டிருந்தோம். வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ஆலன் என்ற ஊரில் வீடு வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவளோ சிட்டிசன். அவளை யாரும் நாட்டைவிட்டுத் துரத்தப்போவதில்லை. இதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் கணவனின் முதுகு ஞாபகம் வரும்போதெல்லாம் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை படிக்கட்டில் சாப்பிடும்போது அவள் கேட்டாள். "அக்கா, நாளைக்கு நான் எப்படி இருக்கணும்? அவருக்கு என்மேல கோபம். இந்த ஊர்ல பெரியவங்களுக்குக் கோபம் வந்தா அவங்க முன்னாடி எப்படி இருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல."

எனக்குச் சரியான பதில் தெரியும். உட்கார், அவர் கண்ணைப் பார், சிரிக்காதே, அது இரண்டு பேர் வேலை என்று நேராகச் சொல். அரை நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

"உங்கப்பா கோபமா இருந்தா அவர் முன்னாடி எப்படி நிப்பே? அப்படியே நில்லு" என்றேன். "எதிர்த்து மட்டும் பேசாதே."

தெரிந்துதான் சொன்னேன். பயத்தில் வாய் தவறிவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே கதை கட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சொல்லும்போது உள்ளே ஒரு குளுகுளுப்புக்கூட இருந்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது. தன் டப்பாவிலிருந்து அரிசித்தாளில் சுற்றிய இறால் ரோல் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் எனக்குக் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை நான் முன்கூட்டியே மேனேஜர் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி அவளை அழைத்தார். அவர்கள் ஊரில் நாயைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவளே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதே சிரிப்போடு எழுந்து வந்தாள். நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

கை கட்டி நிற்பது என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வியட்நாமிலும் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். அதைவிடப் பணிவாக நிற்க அவளுக்குத் தெரியாது. மேனேஜர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. உட்கார மறுத்து, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் விறைத்து நிற்கும் ஒரு திமிர் பிடித்த பெண்.

"முடிக்க முடியாதுன்னு உனக்கு முதல்லயே தெரியுமா?" என்றார்.

"எஸ்."

"தெரிஞ்சும் சொல்லல?"

"எஸ்." பயம் கூடக்கூட அவள் சிரிப்பும் கூடியது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" அவர் குரல் தணிந்தது. கத்தியிருந்தால் தேவலை. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு மேலே சிரிப்பு இன்னும் தெரிந்தது. சட்டென்று மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கேட்டார். "உனக்கு ஏதாவது புரியுதா? நீயும் அந்தப் பக்கத்து ஆள்தானே. உங்க ஊர்ல இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

அவள் முதல்முறையாகக் கண்ணை நிமிர்த்தினாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் வேலை, கணவனின் ஆபரேஷன் எல்லாம் அப்போது என் வாயில் இருந்தது. நான் தலையை இம்மிகூட அசைக்காமல், மேனேஜரின் கண்ணை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாது. இந்தியா வேற, வியட்நாம் வேற" என்றேன்.

அடுத்த வாரமே ஹெச்.ஆர். ஆள் வந்துவிட்டார். அவள் ஓர் அட்டைப்பெட்டியில் பிளாஸ்க்கையும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் போய்ச் சிரித்து விடைபெற்றாள். "வேலை போறப்பகூட சிரிக்கிறா பாரு, அவளுக்கு என்ன கவலை" என்றார் அந்த இருபது வருட ஆள். என்னிடம் வந்து லேப் சாவியை இரண்டு கையாலும் கொடுத்து, "தேங்க்ஸ் அக்கா" என்றாள். அவள் மோவாய் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை மேனேஜர் என்னிடம், இந்த லேபில் நேருக்கு நேர் பதில் சொல்லும் ஆள் நீ ஒருத்திதான் என்று பாராட்டினார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை எக்ஸ்பிளெயின் பண்ணியிருக்கலாமே நீ."

"பண்ணியிருந்தா இந்நேரம் நாம பேக் பண்ணிட்டு இருப்போம். பரவாயில்லையா?"

"சரி, விடு" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல்தான் எரிச்சலாக வந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வாசலில் காரிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள். ஒரு சின்ன கம்பெனியில் எல்லா இன்டர்வியூவும் முடிந்துவிட்டதாம். கடைசியாக, முன்பு லீடாக இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறார்களாம். "உங்க நம்பரைக் கொடுக்கட்டுமா அக்கா?" என்றாள். கணவனின் இரண்டாவது ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கொடு என்று சொல்ல வாய் வரவில்லை. நான் அவளைப் பற்றி நல்லதாகச் சொல்லி, அது எப்படியாவது என் மேனேஜர் காதுக்குப் போனால், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாரே என்றுதான் முதலில் தோன்றியது.

"பார்க்கலாம்" என்றேன். "இப்ப கொஞ்சம் பிஸி. பார்த்துட்டுச் சொல்றேன்."

ஓர் அமெரிக்கன் என்றால் எந்தத் தேதிக்குள் சொல்வாய் என்று கேட்டிருப்பான். திங்கட்கிழமை ஈமெயிலில் ஞாபகப்படுத்தியிருப்பான். நான் நோ என்று சொல்லாதவரை அவனுக்கு அது நோ இல்லை. அவள் தேதி எதுவும் கேட்கவில்லை. மெல்லச் சிரித்தாள். "சரி அக்கா" என்றாள். என் கணவரையும் மகளையும் விசாரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

இரண்டு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். தெரியாத நம்பர் வந்தால் என்ன பேச வேண்டும் என்று காரில் போகும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். உழைப்பாளி, நேர்மையானவள், தப்பு அவள்மேல் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. அவள் நம்பரைக் கொடுக்கவே இல்லை. இந்த ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் வாய்விட்டுச் சொல்லாததையும் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அவளிடம் நான் சொன்னது, மாட்டேன்.