ரெண்டு கார்டுக்காரர்

ரயில் நிலைய வாசலில் கார்டை இயந்திரத்தின் மேல் வைத்தால் அவர் உடனே எடுப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்து, கதவு திறந்து, பின்னால் நிற்பவர் 'ச்சு' கொட்டிய பிறகும் இன்னும் ஒரு நொடி அழுத்திப் பிடித்திருப்பார். ஊற்றிய மெழுகு இறுகும்வரை கையை அசைக்காமல் இருந்து பழகியவர். 'டிங்' என்ற ஒரு சத்தத்தை நம்பி ஒரு வேலை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது. "இருங்க சார், அது எழுதி முடிக்கட்டும்" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

தொழில், பல் செட் செய்வது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, கழுத்து வளைந்த விளக்கு, சின்னதாய் ஒரு நெருப்பு, நிறவாரியாகப் பற்கள் அடுக்கிய இழுப்பறைகள். "வெள்ளைன்னா ஒரே வெள்ளையா? பதினாறு வெள்ளை இருக்கு" என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து முன்பின் பார்த்திராத வாய்களுக்குச் சிரிப்பு செய்து அனுப்புகிறவர். அறுபத்திரண்டு வயதாகியும் கை நடுங்குவதில்லை. ஆனால் முகம் நினைவில் நிற்காது. எதிர்வீட்டுக்காரரே வாயை மூடிக்கொண்டு வந்தால் யாரென்று தெரியாமல் திருதிருவென விழிப்பார். வாயைத் திறந்துவிட்டால் போதும், ஏழு வருடத்துக்கு முன் பேசியதைக்கூடச் சொல்லிவிடுவார்.

பேச ஆரம்பித்தால் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல." அந்த ஒன்றுக்குள் குறைந்தது நாலு இருக்கும்.

நூலகத்தில் முப்பது வருடம் தேதி முத்திரை குத்தி ஓய்வுபெற்ற அவர் மனைவி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை முடிந்ததும் நடக்கப் பழக்குகிற ஒரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அது நகரத்தின் மறுகோடியில், ஒரு ரயில் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. அன்றிலிருந்து மூன்று மணிக்கெல்லாம் நெருப்பை அணைத்துவிட்டு, மூன்று பத்து ரயிலைப் பிடிப்பது அவர் வழக்கமாயிற்று.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மனைவி கைப்பையை அவரிடம் கொடுத்துச் சொன்னது ஒன்றுதான்: "என் கார்டு பத்திரம்." மூத்தோருக்கான சலுகைக் கார்டு. படம் எடுத்தவர் சரியாக அந்த நொடியில் தும்மியதால் அந்த அம்மாள் அதில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். "என் ஜென்மத்துல ஒழுங்கா வந்த ஒரே படம்" என்று பக்கத்து இருக்கைக்காரர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிய கார்டு அது. அவர் அதைத் தன் கார்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐம்பத்திரண்டாவது நாள் ரயில் நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மனைவி பெயருக்கு. அறுபது நாள் பயன்படுத்தாத சலுகைக் கார்டு செயலிழக்கும். உரியவர் நேரில் வந்து மறுபடி பதிவு செய்யவேண்டும். அதை அவர் நின்றபடி ஒருமுறையும், உட்கார்ந்து ஒருமுறையும் படித்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல. நடக்க முடியாதவங்கதானே ரயில்ல போகாம இருப்பாங்க? அவங்களையே நேர்ல வான்னா?"

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரம் அந்த அம்மாள் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "இனிமே நான் எங்க போகப்போறேன், விடுங்க" என்று அதே சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்படிச் சொன்னவரிடம் போய், உன் கார்டையும் செத்ததில் சேர்க்கப் போகிறார்களாம் என்று எந்த வாயால் சொல்வது? கடிதத்தை நாலாக மடித்து, அறையில் கடைவாய்ப்பற்கள் இருக்கிற இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

மறுநாள் மூன்று பத்துக்கு, தன் கார்டை எடுக்காமல் மனைவியின் கார்டை இயந்திரத்தில் வைத்து உள்ளே போனார். ஒரே ஒரு பயணம். கார்டு பிழைத்துக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. வழியெல்லாம் அவருக்கே தன் புத்திசாலித்தனம் பிடித்துப்போயிருந்தது. இறங்குகிற இடத்தில் கை, பழக்கதோஷத்தில், தன் கார்டை எடுத்து வைத்தது.

சிவப்பு. 'நுழைவுப் பதிவு இல்லை.'

சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னும் மூன்று முறை அழுத்தினார். கார்டு முடங்கியது. கதவுக் காவலர் வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். மாலை திரும்பும்போது மனைவி கார்டை வைத்தால் அதுவும் சிவப்பு. 'பயணம் முடியவில்லை.' அதையும் விடாமல் அழுத்தினார். அதுவும் முடங்கியது. காவலர் இரண்டு கார்டுகளையும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், நீங்க உள்ள போகாமலே வெளிய வந்திருக்கீங்க. இந்தம்மா உள்ள போயிட்டு வெளிய வரவே இல்ல. என்ன சார் இது?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் அவர். அன்றிலிருந்து அந்த ஸ்டேஷனில் அவருக்கு 'ரெண்டு கார்டுக்காரர்' என்று பெயர்.

அடுத்து வந்தது சேவை மையம். நான்கு கவுன்ட்டர்களில் இரண்டு எப்போதும் மூடியிருக்கும். ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். முதல்முறை போனபோது இருந்தவர் "ஃபாரம் எழுதிக் குடுங்க, ஏழு வேலை நாள்" என்றார். எழுதிக் கொடுத்தார். ஏழு வேலை நாள் போயிற்று, எட்டாவதும் போயிற்று. தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மெழுகில் பல் பதிக்க உட்கார்ந்தார். "ஒரு மேல்வரிசை, பதினாலு பல்லும் அடுக்கி முடிச்சேன். இன்னும் பாட்டுதான். கீழ்வரிசையில பாதியில இருக்கும்போது ஒரு தம்பி எடுத்தாரு. நேர்ல போங்கன்னு வச்சுட்டாரு."

நேரில் போனபோது கவுன்ட்டரில் வேறொரு பெண். இடது சிங்கப்பல் லேசாகச் சாய்ந்திருந்தது. அவருக்கு அந்தப் பெண் அன்றிலிருந்து 'சிங்கப்பல் பொண்ணு'.

"முன்னாடி குடுத்த ஃபாரம் செல்லாது சார். ஒரு கார்டுக்கு ஒரு ஃபாரம். அப்புறம் இந்தக் கார்டுக்கு, யாருதோ அவங்கதான் வரணும். அவங்க எங்க?"

"உங்க கம்ப்யூட்டர் கணக்குப்படி ரயில்லதான் இருக்கா. நெசத்துல ஆஸ்பத்திரியில."

"அப்போ அன்னைக்கு இதுல போனது யாரு சார்?"

வாயைத் திறந்தவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டார். ஒருவர் கார்டை மற்றொருவர் பயன்படுத்தினால் இரண்டு கார்டுகளும் ரத்து செய்யப்படும். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்துக் கவுன்ட்டர்க்காரர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடுங்க சார், புதுசு வந்துடும்." அதை எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார். கார்டுக்குள்ளிருந்து மனைவி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொலைந்துபோயிற்று என்று எழுதுவது எப்படி? பேனாவை மூடினார். "நாளைக்கு வர்றேம்மா" என்று எழுந்துகொண்டார். வரிசையே ஆடியது.

இதற்கிடையில் தினமும் காகிதச் சீட்டு. அதற்கான இயந்திரத்தின் முன்னால் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். மூன்று பத்து ரயில் தவறும். மூன்று ஐம்பதும் சில நாள் தவறும். அவர் போய்ச் சேர்வதற்குள் பார்வையாளர் நேரத்தில் பாதி கரைந்திருக்கும். "இன்னிக்கும் லேட்டா?" என்பார் மனைவி. "வேலை" என்பார் இவர்.

நாலாவது முறை சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தபோது கையில் நூற்று நாற்பத்தாறாம் டோக்கன். பலகையில் நூற்று முப்பத்தொன்று. அது நூற்று முப்பத்திரண்டாக மாறியபோது மருத்துவமனையிலிருந்து பயிற்சியாளர் கூப்பிட்டார். "சார், எங்க இருக்கீங்க? அம்மா இன்னிக்கு அவங்களே எழுந்து நடந்தாங்க. எட்டு அடி! வாசப்பக்கம் பார்த்துத்தான் நடந்தாங்க. நீங்க வர்ற நேரம்னு."

அவர் டோக்கனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு நிமிடம் சத்தியமாக அவருக்கு விளங்கவில்லை. அவள் கார்டுக்காக அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது எந்தக் கணக்கில் சேரும்? எழுந்து, டோக்கனை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கடிதம், இழுப்பறை, சிவப்பு விளக்கு, சிங்கப்பல் பெண், பாட்டு, டோக்கன். மனைவி கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார் இவர்.

"அப்போ ஒரு மாசமா என்னை ரயில்லயே விட்டுட்டா வந்து போயிட்டிருந்தீங்க?"

நிமிர்ந்து பார்த்தால், கட்டில் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். சிரித்து ஓய்ந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த ஆபீசு எங்க இருக்கு? ஏறி இறங்கப் படி இருக்கா?"

பயிற்சியாளர் இரண்டு வார அவகாசம் கேட்டார். பத்தாம் நாளே வெளியே போக அனுமதி வாங்கிவிட்டார் அம்மாள். நாலு கால் ஊன்றுகோலோடு, சலவை செய்த புடவையில், வாடகைக் காரிலிருந்து இறங்கி அந்தக் கவுன்ட்டர்வரை நடந்தார். இவர் பக்கத்திலேயே, தொடாமல், தொட்டுவிடுகிற தூரத்தில் கையை நீட்டியபடி நடந்தார். கவுன்ட்டரில் அதே சிங்கப்பல் பெண்.

"நீங்கதானாம்மா அது?" என்று கார்டையும் ஆளையும் பார்த்தாள் அவள். பிறகு குரலைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். "ரெக்கார்டுக்கு நான் கேட்டே ஆகணும். அன்னைக்கு இந்தக் கார்டுல உள்ள போனது யாரு?"

இவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். மனைவி கண் இமைக்கவில்லை.

"நான்தான்."

"வெளிய வந்தது?"

"இவரு."

அந்தப் பெண் ஊன்றுகோலைப் பார்த்தாள். அதன் நாலு ரப்பர்க் கால்களையும் தனித்தனியாகப் பார்த்தாள். "அப்போ நீங்க?"

"நான் இப்பத்தான் வர்றேன்" என்றார் அம்மாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு..." என்று இவர் ஆரம்பித்தார். ஊன்றுகோலின் ஒரு கால் அவர் செருப்பின் மேல் ஏறி நின்றது. அடங்கிவிட்டார்.

சிங்கப்பல் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கணினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டினாள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். "முடிஞ்சுதும்மா. ரெண்டும் வேலை செய்யும்." பதினோரு நிமிடம்.

"எந்த ரூல்படிம்மா முடிஞ்சுது?" இவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரூல் தெரியல சார். இங்க ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்துனா பழசு எல்லாம் க்ளியர் ஆயிடும்."

"அந்தப் பட்டன் போன மாசமும் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

வெளியே வந்து நடைபாதையில் சற்று நேரம் நின்றார். நடந்ததைச் சந்தோஷம் என்று சொல்வதா, ஏமாந்தது என்று சொல்வதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. காரைக் கூப்பிடப் போனை எடுத்தவரின் முழங்கையை மனைவி தட்டினார். "ஸ்டேஷன் எதிர்லயே இருக்கு. ஒரே ஒரு ஸ்டாப் போய்ப் பார்க்கலாம்."

பெட்டியில் கூட்டம் இருந்தது. ஊன்றுகோலைப் பார்த்ததும் ஓர் இளம்பெண் பதறி எழுந்து இடம் கொடுத்தாள். அம்மாள் அவளுக்கு ஒரு தலையசைப்பு கொடுத்து, ஊன்றுகோலைக் கணவர் கையில் திணித்துவிட்டு, இரண்டு கைகளாலும் நடுக் கம்பியைப் பிடித்து, காலை அகட்டி நின்றுகொண்டார். பிறகு அவரைப் பார்த்து, காலியான இருக்கையை முகவாயால் காட்டினார். அவர் ஒருமுறை இருக்கையைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார். ரயில் நகர்ந்தது. ஊன்றுகோலை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்தார்.