செருப்பு கழற்றிய தோட்டம்

தனுவச்சபுரத்தை விட்டுக் காரக்கோணத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வலது பாதத்தை முழுதாக ஊன்ற முடியவில்லை. குதிகாலை ஒட்டித் தோலுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தது. அரிப்பு உயிரை வாங்கியது. பஸ்ஸுக்கு நின்றால் சொறியத் தோன்றும், நடந்தால் கொஞ்சம் மறக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராகக் கூலிவேலைக்குச் சுற்றுபவன், மீதியை இப்படித்தான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

விட்டுவந்தது ஒரு வீட்டையொட்டிய காய்கறித் தோட்டம். வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தோட்டத்தைச் சுற்றி வேலி கட்டியிருந்தார். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே போக முடியாது. அங்கே காய்க்கும் முதல் காய் கோயிலுக்கு. ரோட்டு அழுக்கு அந்த மண்ணில் படக்கூடாது. அவரும் வெறுங்காலோடுதான் தண்ணீர் விடுவார்.

அதே சுத்தக்காரர், எலியை விரட்ட ஊர்ப் பூனைகளுக்கு, எங்கள் பேச்சில் பூச்சைகளுக்கு, மீன் தலை போட்டுப் பழக்கிவைத்திருந்தார். நான் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிவைக்கும் பாத்திதான் அவற்றுக்குக் கக்கூஸ். தோண்டி, வெளிக்கு இருந்து, மரியாதையாக மூடிவிட்டுப் போகும். மூடியதை நான் மிதித்துக் கலப்பேன்.

கோடு தோன்றியபின், அன்று காலை செருப்போடு பாத்தியில் இறங்கினேன். அவர் பார்த்துவிட்டார்.

"எலே, செருப்ப களத்து! சாமிக்குப் போற மண்ணாக்கும்!"

"அண்ணாச்சி, பூச்சை வெளிக்கு இருக்குற மண்ணும் இதுதான்."

"பூச்சை செருப்பு போட்டா வருது?"

அதற்கு மேல் வாதாட என் படிப்பு போதவில்லை. மண்வெட்டியைச் சாத்திவிட்டு நடந்தேன். கால் கெட்டால் எனக்குக் கூலிவேலையும் இல்லை, ஊர் மாறுவதும் இல்லை. அந்தப் பயம்தான் என்னைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு இழுத்தது.

டாக்டரம்மா பாதத்தைப் பார்த்ததும், "வெறுங்காலோட மண்ணுல நின்னீங்களா?" என்றார். பூனை, நாய் வயிற்றில் இருக்கவேண்டிய புழுவாம். அவற்றின் மலத்தில் முட்டை வெளியே வந்து, ஈரமண்ணில் பொரிந்து, வெறுங்கால் கிடைத்தால் தோல் வழியே ஏறிவிடுமாம். மனித உடம்பில் உள்ளே போக வழி தெரியாமல் தோலுக்கு அடியிலேயே சுற்றுமாம். போக்கிடம் இல்லாமல் சுற்றுவது என் தொழில். அதையே என் காலுக்குள் வந்து இன்னொன்று செய்வது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. மாத்திரையில் சரியாகிவிடும், மறுபடி வெறுங்காலோடு இறங்கினால் மறுபடி வரும் என்றார்.

வெளியே வந்தால், பெஞ்சில் வீட்டுக்காரர்.

"என்ன அண்ணாச்சி, இஞ்ச?"

"சும்மா. பிரஷர் நோக்க வந்தேன்."

பிரஷர் பார்க்க வந்தவர் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். அவருக்கு இரண்டு கோடு.

"எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டா? சொத்து உள்ளவங்களுக்கு எல்லாம் கூடுதலாக்கும்."

"மெதுவா சொல்லு எலே, ஆளுக கேக்கும்." காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "நாளைக்கு வருவியா மக்கா?" என்றார்.

"காலுல எதாவது போட விட்டா வாறேன்."

சாமிக்கும் அரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை வேலியருகே இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸோடு நின்றார். கடையிலிருந்து பையோடு கொண்டுவந்து, வேலிக்கு உள்ளே வைத்துத்தான் பிரித்திருக்கிறார்.

"ரோடே காணாத பூட்ஸாக்கும். இதப் போட்டுட்டு வெளிய எறங்கின, கொன்னுருவேன்."

வேலிக்கு வெளியே என் செருப்பைக் கழற்றினேன், உள்ளே காலை எட்டி வைத்துப் பூட்ஸை மாட்டினேன். அன்று நான் ஏற்ற வேலை, பூனை இறங்காதபடி பாத்திகளின் மேல் வலை கட்டுவது. பிறகு தோட்டத்துக்கு வெளியே, தென்னைக்குப் பின்னால், பூனைகளுக்கு ஒரு மணல் குவியல் போடுவது. கொட்டி முடிக்குமுன்பே ஒன்று வந்து, வெறுங்காலோடு, மணலைக் கிளறிப் பார்த்தது.