பெட்டி மேல் எழுதிய புகார்

தட்டைக் கையில் எடுத்ததும் சென்னம்மா அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் கழுவியவருக்கு அன்று அர்ச்சனைதான். மைசூரில் எங்கள் பல்கலைக்கழக மாணவியர் விடுதியின் கண்காணிப்பாளர் அவர், ஊர் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் கொள்ளேகால். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு மேசையெல்லாம் தேடுவார். “எழுதாத புகாரு ஆவியாட்டப் போயிருமுங்க” என்று வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வார்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் அப்படிக் கவிழ்த்தபோதுதான் மூன்று தட்டுகளின் அடியில் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டைக் கண்டார். பரிமாறும் கௌரம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். தலித் மாணவிகள் மூவருக்கும் அந்தத் தட்டுகளையே கொடுக்கும்படி மேல்மாடி மாணவிகள் இருவர் சொல்லியிருந்தார்கள். அவளும் கொடுத்து வந்திருக்கிறாள்.

உதவிக் காப்பாளரான நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பொட்டைச் சுரண்டிவிடலாம், வெளியே தெரிந்தால் விடுதியின் மானம் போகும் என்றேன்.

சென்னம்மா தட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். “சும்மனே சுரண்டிட்டா நடக்கவே இல்லைன்னு ஆயிருமுங்க. பொட்டு வச்சவங்க மானம் போகட்டும், உங்களுக்கென்ன?”

மூவரில் ஒருத்தி ஜீவிதா, ஹனூர்க்காரி. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விஷயம் தெரிந்ததும் தகரப்பெட்டியோடு கீழே இறங்கி வந்துவிட்டாள். “படிச்சது போதுமுங்க மேடம். ஊருக்கே போயிர்றேன்.”

சென்னம்மா பெட்டியை வாங்கி அலுவலகத்தில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“இரு அம்மிணி. நீ பாட்டுக்குப் போயிட்டீன்னா தப்புப் பண்ணுனவங்க இங்கயே உண்டுட்டு இருப்பாங்க. மொதல்ல எழுதோணும்.”

மடியில் அட்டையை வைத்து மூன்று பக்கம் எழுதினார். பெயர், நாள், வேளை எதுவும் விடவில்லை. கீழே கௌரம்மாவின் கைநாட்டு. அதற்கும் கீழே சாட்சியாக என் கையெழுத்தையும் கேட்டு வாங்கினார். போட்ட பிறகுதான் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.

ஒன்பது நாளும் காலையில் அந்தப் புகாரோடு பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்தார். திரும்பி வந்தால் பெட்டிதான் நாற்காலி. ஜீவிதா மாற்றுத்துணி எடுக்க வந்தால் மட்டும் எழுந்துகொள்வார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. பொட்டு வைத்த அந்த இருவருக்கும் ஓராண்டு விடுதியில் இடமில்லை. தாளை ஜீவிதாவிடம் கொடுத்துவிட்டுச் சென்னம்மா எழுந்தார்.

“இப்பச் சொல்லு. வாசலா, மாடியா? எதுன்னாலும் நானும் ஒரு கை புடிக்கறேன்.”

ஜீவிதா இரண்டு முறை படித்தாள். குனிந்து பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். மறுபக்கத்தைச் சென்னம்மா பிடித்தார். ஜீவிதா மாடிப்படியில் காலை வைத்தாள்.