இரண்டு பக்கமும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இடது காது கேட்காமல் போய் ஆறு வருடம் ஆகிறது. மனுஷன் சும்மா இருந்தாரா? இசைக்கு எதிரொலி சேர்க்கும் முப்பது வருடப் பழைய எக்கோ கருவியைத் தேடிப் பிடித்து இரும்பு ரேக்கில் பொருத்தினார். தான் வாசிக்கும் கிதாரின் சத்தம் அதற்குள் புகுந்து இரண்டாகப் பிரிந்து வர, ஹாலின் இரு மூலையிலும் ஸ்பீக்கரோடு ஆம்ப்ளிஃபையர் வைத்தார்.

மனைவியை நடுவில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்லக் குமிழைத் திருகினார்.

"இடப்பக்கம் கம்மிங்க... இன்னும் கொஞ்சம்... ஐயோ, போதும்!"

எல்லாம் சரியானதும் அவள் சிரித்தாள். "ஒத்தக் காதுக்கு எதுக்குங்க ரெண்டு ஸ்பீக்கர்?"

"இது எனக்கில்லடி. ரோட்டுல என் இடப்பக்கமே நடந்து, வண்டி வந்தா கையைப் பிடிச்சு இழுக்கிறவ நீ. ஆறு வருஷமா என் ஒரு பக்கத்தை நீ பாத்துக்கிட்டே. இன்னிக்கு உன் ரெண்டு பக்கத்தையும் நான் பாத்துக்கறேன்."