ஐந்து மூடி டெலிபோன்

போன வாரம் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். நர்ஸ் பிள்ளை பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் வாய் திறந்து, "ஹோல்ட் ஆன் பிளீஸ்" என்றேன். அவள் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள். எண்பதைத் தாண்டியவள் ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாளே என்று வெட்கமாகப் போய்விட்டது. பயம்தான், ஆனால் ஊசிக்கு இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு இருபது வயதாக இருந்தபோது கந்தப்பளையிலிருந்து ராகலைக்குப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் டெலிபோன் எடுக்கும் வேலை பார்த்தேன். என் அப்பா அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் கிறிஸ்தவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். வேலைக்கு எடுக்கும் முன், தோட்டத்தை நடத்தும் துரையின் மனைவி துரைசாணி என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, மேசையில் இருந்த பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்து, அதன் மேல் எழுதியிருந்ததை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தலையாட்டினார். பிஸ்கட் ஒன்றும் தரவில்லை, வேலை தந்தார்.

ஸ்பிரிட் கதைக்கும் அவர்தான் காரணம். பேசும் குழாயில் கண்டவர்களின் மூச்சும் படும் என்று, தினமும் காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்பிரிட் வாங்கி அதைத் துடைக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. அந்தக் குழாயில் பேசுவது நான் ஒருத்திதான். ஆகவே என் மூச்சை நானே தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அது எனக்குச் சிரிப்பாகக்கூடத் தோன்றவில்லை, பெருமையாக இருந்தது.

டெலிபோன் என்றால் இப்போது கையில் வைத்துக்கொண்டு அலைகிறோமே, அது இல்லை. ஆளுயரத்தில் ஒரு மரப்பெட்டி. முகப்பில் ஐந்து சின்னப் பித்தளை மூடிகள். ஒன்று வெளி லைன், மற்றவை பெரிய பங்களா, ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, மேல் டிவிஷன். யாராவது கூப்பிட்டால் அவர்களுடைய மூடி 'டக்' என்று கீழே விழும். கயிற்று நுனியில் உள்ள பித்தளை முனையை அதன் கீழிருக்கும் ஓட்டையில் சொருகிப் பேச வேண்டும். யாரிடம் கேட்கிறார்களோ அந்த ஓட்டையில் இன்னொரு கயிற்றைச் சொருகி, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் அங்கே மணி அடிக்கும். வெளி உலகத்துக்கு ஒரே ஒரு லைன்தான். ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

ஆபீசைக் கூட்டிப் பெருக்க வருபவள் சிவகாமி. என்னைவிட ஒரு வயது இளையவள். அப்பாவிடம் மூன்றாம் வகுப்புவரை படித்தாள், பிறகு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு ஆபீசுக்கு வந்தாள். அந்தப் பெட்டியின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. இடி இடிக்கும் நாட்களில் கம்பியில் மின்சாரம் பாய்ந்து ஐந்து மூடிகளும் தாமாகவே சேர்ந்து விழும். அந்த நேரம் பெட்டியைத் தொடக் கூடாது. சிவகாமி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று சிரிப்பாள்.

"அக்கா, மேலேருந்து கூப்புடுறாங்க, எடுங்க. உங்க சாமியா எங்க சாமியான்னு கேட்டுக்கங்க."

"உங்க சாமியா இருந்தா உன்னையத்தான் கேக்கும். வா, பேசு."

"ஒரு நாளைக்குப் பேசுறேன்க்கா. மழை இல்லாத நாளாப் பாத்துக் குடுங்க."

அந்த வேலையில் நான் பேசிய இங்கிலீஷ் மொத்தம் ஒரே வாக்கியம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. சேர்ந்த புதிதில் கொழும்பிலிருந்து யாரோ துரையைக் கேட்டார்கள். துரை பங்களாவில் தூங்குகிறார் என்று ஆள் சொன்னான். நானும் உள்ளதை உள்ளபடியே, துரை தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன். அப்போது காலை பத்து மணி. அன்று நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் யாழ்ப்பாணத்து மனுஷர், கோபக்காரர் இல்லை.

"பிள்ளை, உன்ர வேலை லைனைக் கொழுவி விடுறது மட்டும். பதில் சொல்லுறது இல்லை. ஆர் என்ன கேட்டாலும் ஹோல்ட் ஆன் பிளீஸ். விளங்கிச்சோ?"

நன்றாகவே விளங்கியது. வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் அதையே சொன்னேன்.

அந்த நாட்களில் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரஜாவுரிமைப் பேச்சுத்தான். இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்தெடுப்பவர்கள், தாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் என்று மனுப் போட்டு, விசாரணைக்குப் போய், காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். அப்பாவுக்குக் காகிதங்களோடு பழக்கம் இருந்ததால் எங்களுக்கு முந்தின வருடமே கிடைத்துவிட்டது. சிவகாமியின் புருஷன் ராமையாவின் மனு அப்போதுதான் விசாரணைக்கு வந்தது. அவர்கள் எத்தனை வருடமாகத் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களின் கடிதங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடத் துரைக்கு ஏது நேரம்? வழக்கம்போல் பெரிய கிளாக்கரே 'துரைக்காக' என்று கையெழுத்துப் போட்டார். சீல் குத்தியது நான். உறையில் போட்டு சிவகாமியின் கையில் கொடுத்ததும் நான்தான்.

அது பனிக் காலம். விடிந்து பார்த்தால் தாழ்வான மலைகளில் கொழுந்தெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோல் கருகிக் கிடக்கும். பகலில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், ஒரு பொட்டு மேகம் கிடையாது. விசாரணை நாளன்று ராமையா என் அப்பாவின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டான். தோள் பெரிதாகத் தொங்கியது. சிவகாமி குழந்தைக்குப் பொட்டு வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மூன்று பேரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறப் போனதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பதினொரு மணி இருக்கும். வெளி மூடி விழுந்தது. எடுத்தேன். விசாரணை செய்கிற ஐயாவே பேசினார், நிதானமான இங்கிலீஷ். என் மேசையில் உங்கள் தோட்டத்துக் கடிதம் ஒன்று இருக்கிறது, ராமையா என்பவருடையது, துரையின் கையெழுத்து இல்லை, இது உங்கள் ஆபீசில் கொடுத்ததுதானா என்று கேட்டார். நினைத்துப் பாருங்கள், எத்தனை பேர் அப்படிப் போன் எடுத்துக் கேட்பார்கள்? காகிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த மனுஷர் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். சீல் குத்தின மை என் விரலில் அப்போதும் லேசாக இருந்தது. பதில் என் நாக்கு நுனியில் நிற்கிறது. நான் சொன்னது, "ஹோல்ட் ஆன் பிளீஸ்."

பெரிய கிளாக்கர் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். ஃபேக்டரிக்கு மணி அடித்தேன். டீமேக்கர் எடுத்து, "மேல் மாடியில இருக்காரு, கூட்டிட்டு வாறேன்" என்றார். நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஐயாவும் காத்திருந்தார். அவர் இருமுவதுகூடக் கேட்டது. அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அது யாருடைய குழந்தை என்று எனக்குத் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நடுவில் எக்ஸ்சேஞ்சிலிருந்து குரல் வந்தது. கொழும்பிலிருந்து துரைக்கு ட்ரங்க் கால், லைனை விடுங்கள். கொழும்பு ட்ரங்க் வந்தால் யார் பேசினாலும் அறுத்துவிட்டுத் துரைக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் உத்தரவு. கயிற்றைப் பிடுங்கிப் பங்களாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

பேச்சு முடிந்ததா என்று பார்க்க இடையிடையே கேட்டுத்தான் ஆக வேண்டும். துரையும் அவருடைய சிநேகிதரும் ஒரு நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானுஓயா ஸ்டேஷனுக்குக் கோச்சியில் கூடையில் வைத்து அனுப்பலாமா, வழியில் பால் கொடுக்க ஆள் வேண்டுமா, என்ன பெயர் வைப்பது. சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பெரிய கிளாக்கர் மூச்சு வாங்க ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நாமளே எடுத்துச் சொல்லுவமாய்யா?"

"வேண்டாம். துரைட்டக் கேக்காம நாங்க எடுக்கேலாது. அவையே திருப்பி எடுப்பினம், பயப்பிடாத."

அந்த வெளி மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் மூடும் நேரத்துக்குள் மூன்று தரம் விழுந்தது. மூன்று தரமும் வேறு யாரோ.

மறுநாள் காலையில் சிவகாமி கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். மேசை மேல் வைத்தாள். விளக்குமாற்றை எடுக்கவில்லை.

"அக்கா, நேத்து அந்த ஐயா நம்ம ஆபீசுக்குத்தான் போன் எடுத்தாரு. எனக்கு ஒரே சந்தோஷம். இவருகிட்ட மெதுவாச் சொன்னேன், அந்தப் பக்கம் நம்ம வாத்தியார் மகதான், ஒரு வார்த்தை சொல்லிரும், பயப்படாதீங்கன்னு. ஐயா காதுல வச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஒன்னுஞ் சொல்லாம வச்சுட்டாரு. காயிதத்த ஓரமா எடுத்துப் போட்டுட்டாரு. என்னாச்சுக்கா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய்ச் சொல்லவில்லை என்று சொன்னால் அவள் இரண்டு திட்டுத் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன். அதற்குப் பதிலாக என் வாயில் வந்தது இதுதான்:

"இடி இடிச்சிச்சு சிவகாமி. மூடியெல்லாம் விழுந்திருச்சு. தொடக் கூடாதுல்ல, அதான்."

அவள் என்னையே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பனியில் கருகிய மலை வெயிலில் கிடந்தது. ஒரு மாதமாக மழை இல்லை.

"அப்பிடியாக்கா" என்றாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெருக்க ஆரம்பித்தாள்.

மனு தள்ளுபடி என்று சில மாதத்தில் தபால் வந்தது. பெரிய கிளாக்கர் அதை இரண்டு தரம் வாசித்தார். அவரே உட்கார்ந்து ஒரு மேல்மனு எழுதி, துரையிடம் நின்று கையெழுத்து வாங்கி அனுப்பினார். கையெழுத்துப் போட துரைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பதிலே வரவில்லை.

சிவகாமி அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அந்த ஆபீசைப் பெருக்கினாள். என்னிடம் முகம் சுளித்ததில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சொல்வாள், அம்மா கொடுத்த பலகாரத்தை வாங்கிக்கொள்வாள். ஆனால் டெலிபோன் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வரமாட்டாள். அந்த மூலையை நான்தான் பெருக்கினேன். இடி இடித்து மூடிகள் விழும்போது இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். நாய்க்குட்டி பங்களாவுக்கு வந்து பெரிதாக வளர்ந்துவிட்டது. பங்களா மூடி விழுந்து நான் காதில் வைக்கும்போதெல்லாம் துரையின் குரலுக்குப் பின்னால் அது குரைக்கும். அதன் மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? ஆனாலும் இருந்தது.

பிறகு இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பேசி முடித்துக்கொண்டன. தோட்டத்தில் ஒவ்வொரு லயமாகக் காலியாக ஆரம்பித்தது. ராமையா குடும்பத்துக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் வந்தது. அவனும் சிவகாமியும் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் ஆபீசுக்கு வந்தாள். பெரிய கிளாக்கரைக் கும்பிட்டாள். பிறகு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஐந்து மூடிகளையும் பார்த்தாள்.

நான் சட்டென்று, "யாருகூடயாவது பேசுறியா? ஃபேக்டரிக்குக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாங்கக்கா. நேரமாயிருச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து இருங்கக்கா. இடி இடிக்கிறப்ப இந்தப் பெட்டியத் தொட்டுறாதீங்க."

சிரிக்காமல்தான் சொன்னாள். கோபமாகவும் சொல்லவில்லை. அது மன்னிப்பா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் நானுஓயாவில் கோச்சி ஏறி, கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குப் போனார்கள். வழியனுப்பப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஆபீஸ் உர மூட்டை அடுக்கும் ஸ்டோராக இருக்கிறது. பெட்டி எங்கே போனதோ, மூடிகளைப் பித்தளைக்காகக் கழற்றியிருப்பார்கள். துரைமார் போய்விட்டார்கள், பெரிய கிளாக்கர் போய்ச் சேர்ந்துவிட்டார். கொழுந்தெடுக்கிற பிள்ளைகள் மலையில் நின்றுகொண்டே வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சியிடம் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ராமையாவும் சிவகாமியும் எந்த ஊரில் இறங்கினார்கள், அந்தக் குழந்தை என்ன ஆனாள், யாருக்கும் தெரியவில்லை. விசாரிக்க வேண்டியவர்களை எல்லாம் விசாரித்துவிட்டேன்.

அந்த வாக்கியம் மட்டும் என்னிடம் இருக்கிறது. "யெஸ் சார், இட் இஸ் அவர் லெட்டர்." சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று ரத்தம் எடுத்து முடித்து நர்ஸ் பிள்ளை பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னபோதும், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தரம் மெதுவாகச் சொன்னேன். விநாடி முள் மூன்று தரம்கூட நகரவில்லை. டீமேக்கர் மாடியேறிப் போன நேரத்தில் இதைப் பத்துத் தரம் சொல்லியிருக்கலாம்.